மூன்று பேர் என்று எழுதிவிட்டேன்

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் மனைவி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மலையைக் குடைந்துகொண்டிருக்கும் உங்கள் உடம்பும் அப்படியே இருக்கட்டும். சுரங்கத்துக்குள் மூக்கை மூடிக்கொள்ளத் துணி கொடுத்திருக்கிறார்களாம், அதை நீங்கள் கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறீர்களாம். உங்கள் கூட வேலை செய்யும் வெல்டர் லீவில் வந்தபோது போட்டுக்கொடுத்துவிட்டார். துணி மூக்குக்குத்தான், கழுத்துக்கு இல்லை.

நம் பெண் வாலு உயரமாகிக்கொண்டே போகிறாள். இப்போது தன் அத்தையைவிட ஒரு விரல் உயரம். காலையில் அவள்தான் அண்ணிக்குத் தலைவாரி விடுகிறாள். உங்கள் அக்கா, நாற்பது வயதுக்கு மேல், இந்தப் பத்து வயதுக்காரியின் முன்னால் குழந்தை மாதிரித் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சீப்பு சிக்கினால் மட்டும் வாலுவின் தொடையில் ஒரு கிள்ளு. அவளும் திருப்பிக் கிள்ளுகிறாள். நான் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிறேன்.

கெட்ட சேதியையும் சொல்லிவிடுகிறேன். ஓனர் இந்த வீட்டை விற்கப்போகிறாராம். மழை தொடங்குவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. வராததும் நல்லதாகப் போயிற்று. அண்ணி அப்போது பாத்ரூமுக்குள் இருந்தார். வாசல் மணிச் சத்தம் கேட்டதுமே தானாகப் போய்விட்டார். ஓனர் தெருமுனை தாண்டிய பிறகும் அவர் வெளியே வரவில்லை. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். வாயைப் பொத்தியிருந்த கையில் பல் பதிந்திருந்தது.

வீட்டுத் தரகரிடம் போனேன். வாடகையைச் சொன்னதும் எழுந்து வந்துவிட்டேன். சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே இதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் மேற்பார்வைக்காரம்மா, குறைந்த வாடகை வீட்டுக்கு மனுப் போட்டியா என்று கேட்டார். வருமானம் குறைந்தவர்களுக்கு என்றே வீடு கட்டி, அவரவர் சம்பளத்துக்குத் தகுந்த வாடகைக்குக் கொடுக்கிறார்களாம். நான் சிரித்துவிட்டேன். அதெல்லாம் நமக்கா கிடைக்கப்போகிறது என்றேன். மனுவே போடாதவளுக்கு மட்டும் தேடி வந்து குடுப்பாங்களா என்று அவர் ஒரு போடு போட்டார். அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டு வாலுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அண்ணிக்குச் சோற்றை எடுத்துவைத்து, ரேடியோவைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டுத்தான்.

அந்த அலுவலகத்தைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! இருட்டு வராந்தா, மூடிய ஜன்னல், எரிந்து விழும் ஆள் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். உள்ளே போனால் பள்ளிக்கூட மைதானம் மாதிரி ஒரு கூடம். கூரை பூராவும் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே மேகம் போகிறது. குழந்தைகள் விளையாட ஒரு மூலை, தண்ணீர் குடிக்க ஒரு மூலை. நம் முறை வந்ததும் ஒரு குரல் நம்பரைச் சொல்லி, வாங்க என்று கூப்பிடுகிறது. எனக்குத் தெரிந்த அலுவலகங்களில் எல்லாம் அப்புறம் வா, நாளைக்கு வா என்றுதான் கேட்டிருக்கிறேன். வாங்க என்று முதல்முறை கேட்டதும் நான் எனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள்ளே அவர்கள் கட்டிய வீடுகளின் மாதிரி. தீப்பெட்டி அளவு வீடுகள், அதில் ஜன்னல், ஜன்னலில் திரை, விரல்நகம் அளவு மரம், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சில் பொம்மை மனிதர்கள். வாலு மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக்கொண்டு, இதுல நம்ம எங்கேம்மா இருக்கோம் என்று கேட்டாள். ஒரு பெஞ்சில் மூன்று பொம்மைகள் இருந்தன. அதுதான் நாம் என்று காட்டினேன். அத்தை எங்கே என்றாள். பாத்ரூமில் இருப்பாங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்னவோ போல ஆகிவிட்டது.

மனுவில் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் எப்போதும்போல மூன்று என்று எழுதினேன். நீங்கள், நான், வாலு. யோசிக்கவே இல்லை, இத்தனை வருடப் பழக்கத்தில் கை தானாகவே எழுதிவிட்டது. வீடு மட்டும் கிடைத்துவிட்டால் போன முறை மாதிரியே அண்ணியைச் சாமான் வண்டியில் பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒருவர் நாம் இருக்கும் வீட்டைப் பார்க்க வருவாராம். எப்போது வருவார் என்று சொல்லவில்லை.

உங்கள் யோசனையை உடனே எழுதுங்கள். துணியை மூக்கில் கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இருமல் விட்டுவிட்டது என்று படித்ததும் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதியை அடுத்த பக்கத்தில் நீங்களே ஏற்றிவைத்துவிட்டீர்கள்.

அக்காவை ஏதாவது ஒரு விடுதியில் விட்டுவிட்டால் வீடு கிடைப்பது சுலபம், உனக்கும் பாரம் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்கக் கையெழுத்து நேராக இருக்கிறது, அந்த ஒரு வரி மட்டும் கோணிக்கொண்டு போகிறது. அதை நீங்கள் எழுதவில்லை, அந்த மலைக்குளிர் எழுதியது என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். இதைப் போனில் சொல்ல முடியாது. உங்கள் மலையில் போன் எடுக்காது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், எடுத்தாலும் நீங்கள் ம்ம், ம்ம் என்று சொல்லியே ஆளைக் கொன்றுவிடுவீர்கள்.

வீட்டைப் பார்க்க ஆள் வந்தார். ஒரு பெண்தான், என் வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருந்தார். அன்று எனக்கு விடுமுறை. வருவார்களோ என்னவோ என்று பயந்து காலையிலிருந்தே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். மெத்தையைத் தட்டி முடித்த நேரம், மணி அடித்தது. நம் வீட்டு வழக்கப்படி அவரவர் வேலையை அவரவர் பார்த்தோம். வாலு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள், அண்ணி பாத்ரூமுக்குள் போய்க் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துகொண்டார், நான் கதவைத் திறந்தேன்.

கண்ணாடிக்காரி உட்கார்ந்தார். மரியாதையாகப் பேசினார். வீட்டுக்காரர் வெளியூரில், நீங்களும் பொண்ணும் மட்டும்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கே மூன்று தட்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று டம்ளர். எடுத்துவைக்க மறந்திருந்தேன். ஆனாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், மெத்தைத் தூசி மட்டும் சும்மா இருந்திருந்தால்.

அவர் தும்மினார்.

உங்கள் அம்மா உங்கள் அக்காவுக்கு எதைப் பழக்கினாரோ இல்லையோ, யார் தும்மினாலும் நூறு வயது சொல்லப் பழக்கிவிட்டுப் போய்விட்டார். மூச்சை அடக்குவார், சிரிப்பை அடக்குவார், அழுகையைக்கூட அடக்குவார், இதை மட்டும் அண்ணியால் அடக்கவே முடியாது. தெருவில் போகிற நாய் தும்மினால்கூட அதற்கும் உண்டு. பாத்ரூமுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல், நூறு!

வாலு ரேடியோவை இன்னும் சத்தமாக்கினாள். ரேடியோவில் வானிலைச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வானிலை வாசிப்பவர் யாருக்கு ஆயுசு கொடுப்பார்? கண்ணாடிக்காரி இரண்டாவது முறையும் தும்மினார். உள்ளேயிருந்து, இருநூறு!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, உள்ள இருந்து எனக்கு இருநூறு வயசு குடுக்கிறது யாருங்க என்று கேட்டார்.

கதவைத் திறந்து காட்டினேன். வேறென்ன செய்ய? அண்ணி வாளியில் குறுகி உட்கார்ந்திருந்தார். புது முகத்தைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தான் கண்ணை மூடிக்கொண்டால் யாருக்கும் தன்னைத் தெரியாது என்பது அவர் கணக்கு. நான் என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் எனக்குச் சைகை காட்டினார். பாத்ரூம் வாசற்படியில், ஈரத்தில், நல்ல துணியோடு சப்பென்று உட்கார்ந்தார். தன் கண்ணையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள். அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி நம் வீட்டு ஈரத்தரையில் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! வாலு ரேடியோவை அணைத்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து அண்ணி ஒரு கண்ணைத் திறந்தார். எதிரே இருந்தவரின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே யார் என்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கை தட்டினார். உங்களுக்குத்தான் தெரியுமே அந்தக் கைதட்டல், பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். முதல் வீட்டில் சத்தம் என்று காலி செய்யச் சொன்னது, இரண்டாவது வீட்டில் வாசலில் நிற்கிறார், பார்க்க நன்றாக இல்லை என்றது, மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லாமல் சாமானை வெளியே வைத்தது. அன்றைக்கு நடுத்தெருவில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தீர்களே, அதையும் சொன்னேன். மணி அடித்தால் ஓடி ஒளியணும், சத்தம் போடாமல் ஜெயித்தால் பிஸ்கட். பிஸ்கட் நின்று வருடக்கணக்காகிவிட்டது, அண்ணி மட்டும் விளையாட்டை நிறுத்தவே இல்லை என்று சொன்னேன்.

அவர் பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. ஆளை மறைத்து எழுதியது தப்பு, இதற்காகவே மனுவைத் தள்ளிவிட முடியும், நான் பார்த்ததைப் பார்த்தபடிதான் எழுதுவேன் என்றார். முடிந்தது கதை என்று நினைத்தேன். மழைக்கு முன்னால் மூட்டை கட்டி எந்தத் தெருவில் போய் உட்காரப்போகிறோமோ என்று மனது அங்கே போய்விட்டது. அப்போது அவர் கேட்டார், உங்க நாலு பேருக்கும் சேர்த்து என்னென்ன உதவி வேணும் என்று.

நான் முழித்தேன். எத்தனை பேர், என்ன சம்பளம், என்ன சத்தம், எப்போ காலி பண்றீங்க, இதெல்லாம் கேட்டிருக்கிறார்கள். என்ன வேணும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? நீங்கள்கூடக் கேட்டதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் உங்களைக் கேட்டதில்லை. கடைசியில் வாய்க்கு வந்தது, ஒரு ஜன்னல் வேணும் என்றேன். அண்ணி நின்று வேடிக்கை பார்க்க. யார் பார்த்துவிடுவார்களோ என்று நான் ஓடிவந்து மூடத் தேவையில்லாத ஜன்னல். இதைப் போய்ச் சொல்கிறோமே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் என்று எழுதிக்கொண்டார்.

போகும்போது வாசலில் அண்ணியிடம், போயிட்டு வரேங்க என்றார். அண்ணியிடம்! வெளியாள் ஒருவர் அவரிடம் விடைபெற்றுப் போனதை நான் பார்த்ததே இல்லை.

முடிவு தெரியக் கொஞ்ச நாளாகுமாம். வானத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது, மேகம் கூடிக்கொண்டு வருகிறது. நீங்கள் அங்கே நம்பிக்கையோடு இருங்கள். இங்கே அதற்கு ஆள் குறைகிறது.

உங்கள் மனைவி

*

அன்புள்ள என்னவருக்கு,

கிடைத்துவிட்டது.

வேறு எதுவும் எழுத வரவில்லை. மூன்று பேருக்கான மனு தள்ளுபடி. கண்ணாடிக்காரி எழுதிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு, புதிதாக நாலு பேர் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நாலு என்று எழுதினேன். தரைத்தளத்திலேயே, உதவிக்கு ஆள் இருக்கும் கட்டடத்தில் வீடு. ஜன்னல் இருக்கிறதாம். அதைத் தனியாகக் கடைசி வரியில் குறித்திருந்தார்கள்.

நாளைக்கு வண்டி வருகிறது. பீரோவும் மெத்தையும் பின்னால். அண்ணிக்கு முன்சீட்டு, டிரைவர் பக்கத்தில், ஜன்னலோரம்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள என்னவருக்கு,

புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். அடுப்பில் சோறு கொதிக்கிறது, வாலு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், வெளியே மழை கொட்டுகிறது. நம் தலை நனையவில்லை. குடியேறிய களேபரத்தில் கடிதம் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. பெரிய வீடு என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு அறைதான். ஆனால் கதவு அகலம். வாசலில் படியே கிடையாது. வந்த முதல் நாள் நான் பாத்ரூமுக்குள் போய்ச் சும்மா நின்றேன். தரை வழுக்கவில்லை. உட்கார்ந்து குளிக்கச் சுவரோடு ஒரு இருக்கை, மடக்கினால் மடங்குகிறது. கை எட்டும் இடத்தில் ஒரு கம்பி. அண்ணியைக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவர் கை தானாகப் போய் அந்தக் கம்பியைப் பிடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர், அண்ணியை ஒருநாளும் பார்க்காதவர், இவர் கை எங்கே தேடும் என்று யோசித்து அங்கே ஒரு கம்பியை வைத்திருக்கிறார். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று கேளுங்கள். இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களுக்கு உதவி செய்வதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவராம், பாதித் தலை நரைத்தவர். எல்லோருக்கும் அவர் கண்டக்டர் அண்ணன். லிப்ட் முன்னால் நாலு பேர் நின்றால் போதும், பழைய ஞாபகத்தில், உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு என்று குரல் கொடுப்பார். சாமான் இறக்கிய அன்றே வந்துவிட்டார். உங்கள் வேலைநேரம் என்ன, பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் கிட்டேயா, அக்காவை யார் பார்த்துக்கிறாங்க என்று வரிசையாகக் கேட்டார். பூட்டிவிட்டுப் போவேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. இனிமே பூட்டு வேணாம்மா என்றார், அவ்வளவுதான்.

கட்டடத்தின் கடைசியில் ஒரு பெரிய அறை இருக்கிறது. பகலில் அண்ணி மாதிரி ஆட்களும் தனியாக இருக்கும் வயதானவர்களும் அங்கே வந்து உட்காருகிறார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், வாரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ். அண்ணி அங்கே துண்டு மடிக்கிறார். நான் வீட்டில் மடிப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மடித்ததை எல்லாம் பிரித்து மறுபடியும் மடிக்கிறார், ஆளுக்கொரு துண்டைக் கொடுத்து மடிக்கச் சொல்லி அதிகாரம் வேறு. சலவைக்கூடத்தில் இருக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு மணி பார்க்கத் தோன்றுவதில்லை. அண்ணி என்ன செய்கிறாரோ, அடுப்புப் பக்கம் போனாரோ என்ற அரிப்பு அடங்கியிருக்கிறது. இத்தனை வருடமாக அது என் உடம்பின் ஒரு பாகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதலில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் கடிதம் முழுதாகாது. மணி. வீடு மாறினாலும் அண்ணிக்கு மணி மாறவில்லை. பால்காரர் அடித்தாலும் சரி, வாலுவின் சிநேகிதி அடித்தாலும் சரி, எழுந்து ஓடிவிடுவார். வாளியைக் காணோம் என்று தரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொள்வார். இங்க ஒளிய வேணாம் அண்ணி என்று நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் புரியவில்லை, புரிந்தாலும் நம்பவில்லை. பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதை எதைக் கொடுத்து நிறுத்துவது? ஒருநாள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தேன். அவர் போட்ட சத்தத்தில் நானும் சேர்ந்து அழுதுவிட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த வீடே கிடைத்தும் அத்தை பாத்ரூமில்தான் இருப்பார் போலிருக்கிறதே என்று மனது விட்டுப்போயிற்று.

கண்டக்டர் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குத் தும்மல் கதை முன்பே தெரிந்திருந்தது, கண்ணாடிக்காரி சொல்லியனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை மணி அடித்தது. அண்ணி உள்ளே ஓடினார். கதவுக்கு வெளியே, ஹா... அச்! அப்படி ஒரு பொய்த் தும்மலை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பஸ்ஸே பிரேக் அடித்த மாதிரி. பாத்ரூமுக்குள்ளிருந்து, நூறு! அண்ணன் பதிலுக்கு, நன்றிங்கக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மணி, தும்மல், நூறு, நன்றிங்கக்கா. வேறு ஒரு வார்த்தை கிடையாது, உள்ளே வந்ததும் கிடையாது.

கொஞ்ச நாளில் பாத்ரூம் கதவு மூடாமல் இருந்தது. பிறகு ஒருநாள் குரல் நடு அறையிலிருந்து வந்தது. அண்ணி மெத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டு நூறு சொன்னார். அப்புறம் மெத்தையும் வேண்டியிருக்கவில்லை. நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பேன், மூச்சு விடமாட்டேன். இப்போது ஒளிந்துகொள்வது என் முறை.

போன வாரம் மணி அடித்தது. அண்ணி எழுந்தார். பாத்ரூம் பக்கம் திரும்பி ஒருதரம் பார்த்தார். பிறகு நேராக வாசலுக்குப் போனார். தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. திறந்தார். வெளியே நின்றிருந்த அண்ணன் தும்மவே மறந்துபோய் வாயைத் திறந்தபடி நின்றார். தும்மாத மனிதருக்கு, அவர் முகத்தைப் பார்த்து, நூறு, இருநூறு என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்தார் உங்கள் அக்கா. கொடுத்துவிட்டுக் கைதட்டினார். கட்டடமே அதிர்ந்தது.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி எட்டிப் பார்த்தார். போச்சு, ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அவர், என்னங்க, ஏதாவது நல்ல சேதியா என்று கேட்டார். அண்ணன், அக்கா கதவைத் திறந்துட்டாங்க என்றார். அடடா, முன்னாடியே சொல்லியிருந்தா நானும் வந்து நின்னிருப்பேனே என்று அந்த மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அன்றிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு உங்கள் அக்காதான் அதிகாரி. மணி அடித்தால் வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. வாலு ஒருநாள் முந்திக்கொண்டு போனாள், தொடையில் கிள்ளு வாங்கினாள். எல்லோருக்கும் கதவு, எல்லோருக்கும் நூறு வயது. கண்டவருக்கெல்லாம் திறக்கக் கூடாது என்று இனி அதற்கு வேறு தனியாகப் பழக்க வேண்டும். அது இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் ஜன்னலில் நிற்கிறார். மழையைப் பார்க்கிறார், மழையில் போகிறவர்களைப் பார்க்கிறார். சிலர் கை காட்டுகிறார்கள். நான் எழுந்துபோய் மூடுவதில்லை.

சுரங்க வேலைக்கு மறுபடி ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், போடவா என்று கேட்டிருக்கிறீர்கள். நம் எல்லோரையும் வைத்துக்கொள்ளும் வீடு ஒன்றுக்கு முன்பணம் சேர்க்கத்தானே மலைக்குப் போனீர்கள்? அந்த வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வராமல் அங்கேயே இருக்க வேறு காரணம் ஏதாவது மனதில் இருந்தால், அந்தக் கோணல் வரி உறுத்திக்கொண்டிருந்தால், அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன், அன்றைக்கு அதில்தான் டீ கொதித்தது.

வீட்டுச் சாவி ஆளுக்கொன்று என்று நாலு கொடுத்திருக்கிறார்கள். உங்களுடையது ஆணியில் தொங்குகிறது. அதை நான் தபாலில் அனுப்பமாட்டேன். உங்களுக்குச் சாவி தேவைப்படாது.

வந்ததும் மணி அடியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கதவைத் தட்டாதீர்கள். மணியை அடித்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். நானும் வாலுவும் கேட்டாலும் எழுந்து வரமாட்டோம். கொஞ்சம் நேரமாகும், அவர் மெதுவாகத்தான் வருவார். உங்களைப் பார்த்ததும், விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த தம்பி ஆயிற்றே என்று பழைய நினைவில் உள்ளே ஓடினாலும் ஓடுவார். மனது உடைந்து திரும்பிவிடாதீர்கள். அங்கேயே நின்று ஒரு தும்மல் போடுங்கள். பொய்த் தும்மலாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் கணக்குப் பார்க்கமாட்டார்.

உங்களுக்கும் இங்கே ஒரு நூறு வயது காத்திருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி